ஓரம் தீட்டாத நிலக்காட்சிகள்

இங்கே தருகிற தேநீர் நன்றாக இருக்கிறது. கடதாசிக் குவளையில் தந்தாலும் சாயம் திட்டமாக இறங்கியிருக்கிறது. இன்னொன்று கேட்கலாமா என்று யோசித்துவிட்டுக் கேட்காமல் இருக்கிறேன்.

திருமதி பியற்றிஸ், இதை நீங்கள்தான் மொழிபெயர்க்கப் போகிறீர்கள் என்பதால் உங்களுக்கே எழுதுவதுபோல் எழுதுகிறேன். வாயால் சொன்னால் போதும் என்று பொலிஸ் அதிகாரி சொன்னார். எழுதித் தருகிறேன் என்று நான்தான் கேட்டேன். பேசும்போது நடுவில் ஒன்று விடுபட்டால் யாருக்கும் தெரியவராது. எழுத்தில் விடுபட்டால், என்றைக்காவது ஒருவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடும். ஆகவே தயவுசெய்து ஒரு வரியையும் விட வேண்டாம். எனக்காக எதையும் மென்மையாக்கவும் வேண்டாம். “உமக்கு என்னைவிட நல்லா இங்கிலிஷ் வருது, பிறகேன் என்னைக் கூப்பிட்டனீர்?” என்று கேட்டீர்கள். அதற்கும் பதில் எழுதுகிறேன்.

என் பெயர் தவநாயகி. ஊர் கரவெட்டி. லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். சீட்டைப் பார்த்து மருந்தை எடுத்து, நோயாளியின் பெயரை ஒட்டிப் பையில் போடுவது என் வேலை. மருந்தாளர் கடைசியில் சரிபார்ப்பார். அவர் பார்ப்பதற்கு முன்பே நான் இரண்டு தரம் பார்த்துவிடுவேன். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான். என்மேல் எனக்கு நம்பிக்கை குறைவு.

1990ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் மாலை நேர ஓவிய வகுப்பில் சேர்ந்தேன். அந்த வகுப்பில் ஒரே ஓவியரைத்தான் படித்தோம். பிசாரோ. ஆசிரியை ஜோன் முதல் நாளே எங்களை நாட்குறிப்பு எழுதச் சொன்னார். அன்றைக்கு வெளிச்சம் எப்படி இருந்தது, நிழல் என்ன நிறம், அவ்வளவுதான். மற்றவர்கள் டிசம்பரில் நத்தார் வருவதற்குள் கைவிட்டார்கள். நான் விடவில்லை. ‘மாலை. மழை விட்டிருக்கிறது. நடைபாதை ஊதா. ஊதாவா, சாம்பலா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.’ இப்படித்தான் என் குறிப்புகள் இருக்கும்.

பிசாரோ கரீபியன் தீவொன்றில் பிறந்தவர். 1870இல் பிரான்சில் சண்டை தொடங்கியதும் குடும்பத்தோடு லண்டனுக்கு ஓடிவந்து நோர்வூட்டில் இருந்தார். எங்கள் வகுப்பிலிருந்து பஸ் எடுத்தால் போய்விடலாம். பனி விழுந்த தெரு, மேட்டில் ஒரு வளைவு, இலையில்லாத மரங்கள், தூரத்தில் இரண்டு மூன்று ஆட்கள். அகதியாக வந்த ஊரை அவர் அப்படி வரைந்தார். அவர் விட்டுவந்த வீட்டில் எதிரிப் படை வந்து தங்கியது. அங்கே ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு படங்கள் இருந்தன. தோட்டத்துச் சேறு சப்பாத்தில் ஒட்டாமல் இருக்கப் படையாட்கள் அவருடைய கன்வஸ்களை நிலத்தில் விரித்து அவற்றின்மேல் நடந்தார்கள். திரும்பிப் போனபோது நாற்பது படம்தான் மிஞ்சியிருந்தது.

ஜோன் இதைச் சொன்னபோது எனக்கு முன்னால் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

“ஆயிரத்தைஞ்சூறு படம், பிள்ளை. அவங்களும் மனுசரே?”

அவர்தான் குலசேகரம் மாஸ்டர். நீங்களும் அறிந்திருப்பீர்கள். தென் லண்டனில் அவரைத் தெரியாத நம்மாட்கள் குறைவு. அறுபதுகளில் இங்கே வந்து, பாடசாலையில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பிறகு சட்டத்தரணிகளின் அலுவலகங்களில் நம்மாட்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தார். மனைவி இறந்துவிட்டார். மகள் கனடாவில். மோர்டனில் தனியாக இருந்தார்.

நான் அவரை அதற்கு முன்பு ஒரேயொரு தடவை கண்டிருந்தேன். அவருக்கு என்னை ஞாபகம் இல்லை. அவர் இருப்பது தெரிந்துதான் அந்த வகுப்பில் சேர்ந்தேனா என்று அதிகாரி கேட்டார். நூலகத்தில் வகுப்பு அறிவித்தலை நான் வாசித்தபோது அவர் பக்கத்தில் நின்று பெயர் கொடுத்துக்கொண்டிருந்ததாக ஒரு ஞாபகம் இருக்கிறது. அது பிறகு நானே உண்டாக்கிக்கொண்ட ஞாபகமாகவும் இருக்கலாம். சந்தேகம் தீரவில்லை என்றே மொழிபெயருங்கள்.

அந்த ஒரு தடவை, 1987. என் தம்பி யோகராஜா வந்து சேர்ந்த கையோடு அவனை அகதி விண்ணப்பத்துக்காக ஒரு சட்டத்தரணியிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்குப் பத்தொன்பது வயது. ஊரில் அவனைப் பிடித்து ஒரு இராணுவ முகாமில் வைத்திருந்து விட்டிருந்தார்கள். அங்கே நடந்ததை எனக்கு அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சட்டத்தரணியின் மேசைக்கு ஒரு பக்கம் நானும் தம்பியும். நடுவில் மாஸ்டர், கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து. தம்பி மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினான். நிறுத்தாமல் சொன்னான். ஒரு இடத்தில் அவனுடைய குரல் சின்னப் பிள்ளையின் குரல்போல் ஆனது. அவன் முடித்ததும் மாஸ்டர் தொண்டையைச் செருமிவிட்டு ஒரே ஒரு வசனம் சொன்னார். பல தடவை அடித்திருக்கிறார்கள் என்று. சட்டத்தரணி அதை எழுதினார்.

பிறகு வைத்தியர் அவனைப் பரிசோதித்து, உடம்பில் கண்டதை அறிக்கையில் எழுதினார். அதை வைத்தே விண்ணப்பத்தை மறுத்தார்கள். முதலில் சொல்லாததைப் பிறகு சொல்கிறார், நம்பத்தகுந்தவரல்ல என்று கடிதம் வந்தது. அடுத்த வருடம் திருப்பி அனுப்பினார்கள். கொழும்பில் தங்கியிருந்த லொட்ஜிலிருந்து யாரோ கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு செய்தி இல்லை. அம்மா இன்றைக்கும் அவனுடைய சாதகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு சாத்திரிமாரிடம் போய்வருகிறார். ஆயுள் கெட்டி என்று எல்லோரும் சொல்கிறார்களாம்.

வகுப்பில் ஜோன் எங்களைப் பிசாரோ நின்று வரைந்த இடங்களுக்குக் கூட்டிப்போனார். டல்விச் காட்டில் பழைய ரயில் பாதையின்மேல் ஒரு மரப்பாலம் இருக்கிறது. அந்தப் பாலத்தில் நின்று அவர் லோர்ட்ஷிப் லேன் ஸ்டேஷனிலிருந்து ரயில் வருவதை வரைந்தார். இப்போது ஸ்டேஷனும் இல்லை, தண்டவாளமும் இல்லை. கீழே முழுவதும் மரம். ஜோன் அந்தப் படத்தின் அஞ்சல் அட்டையைத் தூக்கிக் காட்டினார். வலது பக்கத்து மேட்டில் முதலில் ஒரு ஆள் நின்று புல் வெட்டிக்கொண்டிருந்தானாம். ஓவியரே பிறகு அவன்மேல் பச்சையைப் பூசி மறைத்துவிட்டார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். ஆள் போனதும் படம் அமைதியாகிவிட்டது என்றார் ஜோன். முந்தின வாரம்தான் அந்தப் படத்தை நேரில் பார்த்திருந்தோம். நான் அங்கே நல்ல புல்லைத்தான் கண்டேன்.

மதியம் நானும் மாஸ்டரும் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் ரோல்ஸ் கொண்டுவந்திருந்தார். என் படத்தை எட்டிப் பார்த்தார்.

“என்ன பிள்ளை, ஓக் மரம் எண்டு சொல்லிப்போட்டு முருங்கையிலைக் கட்டைக் கீறி வைச்சிருக்கிறாய்?”

“இலையை எண்ணி எண்ணிக் கீறினனான் மாஸ்டர்.”

“அதுதான் பிழை. ஒண்டையும் விடமாட்டன் எண்டு நிண்டால் படம் வராது. அந்த மனுசன் ஒரு முழு ஆளையே எடுத்துப்போட்டார், பாத்தியே?”

அப்போதுதான் கேட்டேன். “நீங்கள் லோயரிட்டை மொழிபெயர்க்கேக்க, பெடியள் சொல்லுறதை அப்பிடியே முழுசாச் சொல்லுவியளோ மாஸ்டர்?”

அவர் ரோல்ஸை மென்று விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னார். பெருமைப்பட்டுச் சொல்வதுபோல் இருந்தது.

“எல்லாத்தையும் சொல்ல ஏலுமே, பிள்ளை? சில பெடியள் உள்ளதெல்லாத்தையும் கொட்டுவினம். பக்கத்தில தாய் இருக்கும், சகோதரம் இருக்கும். வெள்ளைக்காரனுக்கு முன்னால எங்கட பெடியன்ர மானத்தை ஏன் வாங்குவான்? நாளைக்கு அவனும் ஒரு கலியாணம் காட்சி எண்டு செய்ய வேணுமெல்லோ. அடிச்சவங்கள் எண்டு சொல்லி விட்டிடுவன். அது காணும், அவ்வளவு போதும்.”

“காணுமோ?”

“காணும். இண்டைவரைக்கும் ஒருத்தரும் என்னட்டை வந்து குறை சொன்னதில்லை.”

“கரவெட்டிப் பெடியன் ஒருத்தன், யோகராஜா எண்டு. உங்களுக்கு ஞாபகமோ?”

“எத்தினை யோகராஜா, பிள்ளை.” சிரித்தார். “கேஸ் வெண்டதோ?”

“ஓம்,” என்றேன்.

“பாத்தியே,” என்று சொல்லி மிச்ச ரோல்ஸை என் பக்கம் நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன். அன்றைய நாட்குறிப்பில் வானம் வெளிறிய மஞ்சள் என்று எழுதியிருக்கிறேன். அது சரியென்றுதான் நினைக்கிறேன்.

அவருக்குக் கண்ணில் அழுத்தம் இருந்தது. கிளோக்கோமா. அவர் கண் பிறசர் என்பார். அது நோகாது. பார்வையை ஓரத்திலிருந்து உள்நோக்கித் தின்றுகொண்டு வரும், நடுவைக் கடைசி வரை விட்டுவைக்கும். மருந்து விட்டுக்கொண்டிருந்தால் அப்படியே நிற்கும். என் கடையிலிருந்துதான் அவர் மருந்து எடுத்தார். தை மாதத்தில் அவரே கேட்டார்.

“நீ வகுப்புக்கு வரேக்க எடுத்துக்கொண்டு வாவன், பிள்ளை. எனக்கு ஒரு பஸ் மிச்சம். மூடியையும் உடைச்சுத் தா. என்ர விரலுக்கு அது ஏலாது.”

இதை நான் திட்டமிட்டுத் தொடங்கவில்லை. அவர் கேட்டார், நான் செய்தேன். மூடியை உடைத்தபின் போத்தலில் இருந்ததைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டு, கண் கழுவும் உப்புநீரை நிரப்பினேன். அது சுத்தமான நீர். அவருக்கு வேறு தொற்று எதுவும் வந்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். முதல் மாதம் அவர் சொன்னது:

“இந்தப் புதுப் போத்தல் நல்லது, பிள்ளை. முந்தின மாதிரி எரிவில்லை.”

அவருடைய படங்களில்தான் முதலில் தெரிந்தது. அவர் எப்போதும் கன்வஸை மூலைவரை நிரப்புகிறவர். அந்த வருடக் கடைசியில் இடது ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை நின்றது. பிறகு மேலே. பிறகு மூலைகள். நடுவில் ஒரு தெரு, ஒரு விளக்குக் கம்பம், ஈரமான கூரை. சுற்றிலும் வெறும் துணி. அது அவருக்குத் தெரியவில்லை. அவர் பார்த்த அளவுக்கு முழுமையாகத்தான் வரைந்தார்.

ஜோன் அதைத் தூக்கி வகுப்புக்குக் காட்டினார். இவர் ஓரங்களை மூச்சுவிட வைக்கிறார், எதை விட வேண்டும் என்று தெரிந்தவர் என்றார். மாஸ்டருக்குக் காது சிவந்தது. எந்த ஓரத்தைச் சொல்கிறார் என்று அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். நல்லா இருக்காம் மாஸ்டர், அவ்வளவுதான் என்று சொன்னேன். ஜோன் சொன்னது நீளமானது. நான் சுருக்கிச் சொன்னேன். அந்தப் படம் நூலகத்தில் தொங்கியது. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும் வழியில் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுப் போனேன். அப்படி மகிழ்ச்சியாக இருந்த காலம் எனக்கு லண்டனில் வேறு இல்லை. இதையும் விடாமல் மொழிபெயருங்கள்.

அவர் கதவு நிலைகளில் தோளை இடிக்கத் தொடங்கினார். நடைபாதை முடிவது தெரியாமல் காலை வைத்தார். நான் முழங்கையைப் பிடித்துக்கொள்வேன். “என்ர மகளும் இப்பிடிப் பாக்கமாட்டாள்,” என்பார். வெளியே நின்று வரைய முடியாமல் போனது. பிசாரோவுக்கும் கடைசிக் காலத்தில் கண் நோய்தான், காற்றும் தூசியும் படக்கூடாதென்று ஹோட்டல் ஜன்னலுக்குப் பின்னால் இருந்து தெருக்களை வரைந்தார் என்று ஜோன் ஆறுதல் சொன்னார். மோர்டன் வீட்டின் மேல்மாடி ஜன்னலுக்கு அவருடைய படம் வைத்து வரையும் தாங்கியைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தது நான்தான். நாற்காலியை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று இரண்டு தரம் சரிபார்த்தேன்.

கிளினிக்குக்கும் நானே கூட்டிப்போனேன். அழுத்தம் கூடுகிறது என்று வைத்தியர் இன்னொரு மருந்தையும் எழுதினார். அதுவும் என் கையால்தான் வந்தது. அடுத்த தடவை வைத்தியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உண்மையைச் சொல்லுங்கள், மருந்தை ஒழுங்காக விடுகிறீர்களா என்று கேட்டார். விடுகிறேன் என்றார் மாஸ்டர். வைத்தியர் எழுதியதை நான் தலைகீழாக வாசித்தேன். நோயாளி சொல்வது நம்பத்தகுந்ததாக இல்லை.

பஸ்ஸில் ஏறி இருந்ததும் சொன்னார்.

“நான் பொய் சொல்லுறனாம், பிள்ளை. இருவது வருசம் இந்த நாட்டில படிப்பிச்சனான். நான் சொன்னால் நம்பமாட்டானாம்.”

“அவைக்கு எழுத்தில இருக்க வேணும் மாஸ்டர்,” என்றேன்.

சென்ற மாதம் அவரை வைத்தியசாலையில் சேர்த்து, தாதிமாரே மருந்து விட்டுப் பார்த்தார்கள். அழுத்தம் உடனே இறங்கியது. வீட்டுப் போத்தலைச் சோதித்தார்கள். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் நடுவே சிறு வட்டம் மட்டும் இருக்கிறது. போனது திரும்பாது.

நான் திராட்சைப்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். தலையைத் திருப்பித் திருப்பி என் முகத்தைத் தேடிப் பிடித்தார்.

“பயப்பிடாதை. பொலிசுக்கு நான் உன்ர பேரே சொல்லேல்ல. போத்தலை நான்தான் கழுவித் தண்ணி விட்டு வைச்சனான், வயசு போன மறதி எண்டு சொல்லிப்போட்டன். கடையில ஏதோ கை மாறிப் போயிருக்கும், எனக்கு விளங்குது. நீ கலியாணம் ஆகாத குமர்ப்பிள்ளை. இதாலை உன்ர பேர் கெடக்கூடாது.”

“கை மாறேல்ல, மாஸ்டர்.”

அவர் மறுபடியும் தலையைத் திருப்பி என் முகத்தைத் தேடினார்.

“யோகராஜா என்ர தம்பி. 87இல டூட்டிங் லோயர் ஒபிசில உங்களுக்குப் பக்கத்தில இருந்து சொன்னவன். நீங்கள் ஒரு வசனம் சொன்னியள்.”

“கேஸ் வெண்டது எண்டெல்லோ நீ சொன்னனீ,” என்றார். வாங்கில் பேசியது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. நெடுநேரம் போர்வையைத் தடவிக்கொண்டிருந்தார். அவருடைய நல்ல கண்ணிலிருந்து நீர் இறங்கியது. பிறகு சொன்னார்: “எண்டாலும் இதை ஒருத்தருக்கும் சொல்லாதை, பிள்ளை. நானும் சொல்லமாட்டன். உனக்கு ஒரு வாழ்க்கை இருக்கு.”

இரண்டாவது தடவையும் அவர் உள்ளதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அதனால்தான் நானாகவே இங்கே வந்தேன். அவருடைய வாக்குமூலம் பொய். போத்தல்களை நிரப்பியது நான். ஒவ்வொரு போத்தலையும், தெரிந்து, நிதானமாக, இரண்டு வருடம். ஒரு மனிதனின் கண்ணைக் கெடுப்பதற்காகவே செய்தேன். அவர் நடுவை மட்டும் பார்க்கிறவர், நடுவை மட்டும் சொல்கிறவர். அவருக்கு அதையே மிச்சம் வைத்தேன்.

இனி உங்கள் கேள்வி. ஓம், எனக்கு இங்கிலிஷ் வரும். ஊரிலேயே நன்றாகப் படித்தேன். அன்றைக்கு அந்த அறையிலும் வந்தது. தம்பி பிறந்த வருடத்தை மாஸ்டர் பிழையாகச் சொன்னபோது நான் குறுக்கிட்டு இங்கிலிஷில் திருத்தினேன். உங்கள் ஆங்கிலம் மிக நன்றாக இருக்கிறது என்று சட்டத்தரணி பாராட்டினார். ஆகவே மாஸ்டரின் வசனம் எனக்கு விளங்கியது. அதில் இல்லாததும் விளங்கியது. எழுதியதைக் கடைசியில் எங்களுக்கு வாசித்துக் காட்டி, இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று சட்டத்தரணி கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். இல்லை என்று சொன்னேன். மொழிபெயர்க்க வந்தவர் அவர். அது என்னுடைய வேலை அல்ல. இன்றைக்கும் அல்ல, அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

தம்பி அன்றைக்கு என்னதான் சொன்னான் என்று அதிகாரி கேட்பார். சொல் சொல்லாக எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை மட்டும் நான் இங்கே எழுதவில்லை. அடித்தார்கள் என்று போடுங்கள், திருமதி பியற்றிஸ். நீங்களும் எங்கட ஊர் ஆள், உங்களுக்கு விளங்கும்.